நீலகிரிக் குளிருக்கு ஃபேட் பைக் டயர்: எது தேறும், எது தேறாது

ஊட்டி, கோத்தகிரி பக்கம் ஃபேட் பைக் (நாலு இன்ச் அகல டயர் போட்ட சைக்கிள்) வைத்திருப்பவர்களுக்கு நவம்பர் பிறந்தால் ஒரே யோசனைதான். குளிர்காலத்துக்கு டயரை மாற்றலாமா, மாற்றினால் எதை வாங்கிப் போடலாம்? தேடிப் பார்த்தால் ஆலோசனை கொட்டிக் கிடக்கிறது. அதில் முக்கால்வாசி அலாஸ்காவிலும் மினசோட்டாவிலும் பின்லாந்திலும் வண்டி ஓட்டுபவர்களுக்காகச் சொல்லப்பட்டது. அங்கே பனி முழங்கால் உயரத்துக்குக் கொட்டி, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நம் மலையில் பனி கொட்டாது. இங்கே வருவது உறைபனி; ராத்திரியில் இறங்கி, காலை எட்டு, எட்டரைக்குள் வெயில் பட்டுக் கரைந்து போகும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் டயருக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது என் கட்சி.

அகல டயர் எதற்காக வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றது எளிது. அலாஸ்காவின் நீண்ட பனிப்பாதைப் பந்தயங்களுக்குப் போனவர்கள், ஆரம்பத்தில் இரண்டு ரிம்மை ஒட்டி வெல்டு வைத்து, டயரை அகலப்படுத்திப் பார்த்தார்கள். 2005-ல் அமெரிக்காவின் சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற வண்டியை 3.7 இன்ச் எண்டோமார்ஃப் டயரோடு கடைக்குக் கொண்டு வந்தது. அதன் பிறகுதான் இது எல்லோரும் வாங்கக்கூடிய வண்டி ஆனது. இப்போது 26 இன்ச் சக்கரத்தில் 4.0 இன்ச் சாதாரணம், 4.8 வரை போகிறவர்களும் உண்டு. டயரை அகலமாக்கி, காற்றையும் ஐந்தாறு பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அளவு) அளவுக்கு இறக்கிவிட்டால், ஆளின் எடை பெரிய பரப்பில் பரவும். இறுகிய பனியின் மேல் சக்கரம் அமிழாமல் உருளும். அகலத்தின் வேலை அவ்வளவுதான். புதிதாக விழுந்து இறுகாத பனியில் 4.8-ம் புதைகிறது. கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸில் எவ்வளவு அகலம் இருந்தும் பிடிப்பு வராது. அங்கே டயரில் ஆணி இருந்தால்தான் உண்டு.

சரி, நம் சக்கரத்துக்கு அடியில் ஜனவரியில் என்ன இருக்கிறது?

உறைபனி, வானம் தெளிந்து காற்று அசையாமல் இருக்கும் இரவில்தான் வரும். குளிர்ந்த காற்று கனம் கூடியது. சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்தில் இருந்தும், வெள்ளை போர்த்திக் கிடப்பது பெரும்பாலும் ஊட்டியில் பள்ளமாக இருக்கும் தலைகுந்தாவும் காந்தலும் ரேஸ் கோர்ஸும்தான். கொடைக்கானலிலும் அதே கதை: ஏரிச்சாலை, ஜிம்கானா மைதானம், பாம்பார்புரம். விடியலில் ஊட்டியிலிருந்து கிளம்பினால் பள்ளத்தில் கொஞ்ச தூரம் வெள்ளைப் புல், மேடு ஏறியதும் காய்ந்த தார், மறுபடி இறங்கினால் நிழலில் ஈரம் என்று மாறி மாறி வரும். புல்மேல் இருக்கும் அந்த வெள்ளைப் படலம் மெல்லியது. டயர் ஏறியதும் நொறுங்கி, அடியில் இருக்கும் புல் தெரியும். ஓட்டுகிறவருக்கு அது ஈரப்புல்லைவிடக் கொஞ்சம் வழுக்கல், அவ்வளவுதான்.

வம்பு தொடங்குவது வெயில் ஏறின பிறகு. வெற்று மண்ணில் இருக்கும் ஈரம் உறையும்போது மண்ணைப் பொருக்குப் பொருக்காகத் தூக்கி நிறுத்தும். உருகியதும் அந்த மேல்மண் குழைந்து சேறாகிவிடும்; அடியில் தரை கெட்டியாகவே இருக்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்வதால் செம்மண் பாதைகளும் காய்வதில்லை. தேயிலைத் தோட்டப் பாதைகளில் சோலிங் கல் (பாதையில் பதித்த கருங்கல்) பெயர்ந்து துருத்திக் கிடக்கும். கற்பூர மரத்தடியில் (யூகலிப்டஸ்) நனைந்த இலை, சீகை மரத்தடியில் (வாட்டில்) நசநசவென்று சருகு. இதெல்லாம் போக, வெயிலே படாத வளைவுகளில் தார் ரோட்டின் ஓரம் பாசி. நான் பார்த்தவரை இந்த மலையில் குளிர்காலத்தில் ஆளைக் கீழே தள்ளுவது உறைபனியைவிடப் பாசியும் செம்மண்ணும்தான்.

இந்தத் தரைக்கு முன்னால் ஆணி டயரை வைத்துப் பாருங்கள். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து முதலில் ஆசை வருவது இதன் மேல்தான். 45நார்த் நிறுவனத்தின் டில்லிஞ்சர் மாதிரியான டயர்களில் 200-க்கும் மேற்பட்ட ஆணிகள் இருக்கும். தேயாமல் இருக்க நுனியில் டங்ஸ்டன் கார்பைடு. உறைந்த ஏரியின் மேல் ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர் காக்கும் பொருள். அமெரிக்காவிலேயே இதன் விலை அதிகம். இங்கே வரவழைத்தால் சுங்கமும் கூரியரும் அதன் தலையில் ஏறும். அதைக் கொடுத்து வாங்கினாலும் இங்கே அதற்கு வேலை இல்லை. ஆணி கடிக்க ஐஸ் வேண்டும். தாரில் ரப்பருக்குப் பதிலாக உலோகம் ரோட்டைத் தொடுவதால் வளைவில் பிடிப்பு குறைகிறது, சக்கரம் கரகரவென்று சத்தம் போடுகிறது, ஆணியும் வீணாகத் தேய்கிறது. சேற்றில் அந்தக் குட்டி ஆணியால் ஒன்றும் ஆகாது.

ஊட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் கல்லூரிப் பையன் ஒருவன் வந்து, "அண்ணா, ஆணி டயர் வரவழைச்சுத் தர முடியுமா?" என்று கேட்டான். அவர் செயினுக்கு எண்ணெய் விடுவதை நிறுத்தாமலே, "எந்தப் பனிக்குத் தம்பி? எட்டரை மணிக்கு உருகுற பனிக்கா?" என்றார். பையன் சிரித்துக்கொண்டே பஞ்சர் ஒட்டும் பேட்ச் மட்டும் வாங்கிக்கொண்டு போனான். இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல், ஸ்பிதி பக்கம் வண்டியோடு போய் உறைந்த ரோட்டில் ஓட்டும் திட்டம் உறுதியாக இருந்தால் ஆணி டயர் வாங்குவதில் அர்த்தம் உண்டு. தலைகுந்தாவுக்காக வாங்க வேண்டாம்.

அடுத்த ஆசை 4.8 இன்ச். சர்லியின் பட், லூ என்ற ஜோடி இந்த வகையில் பேர் போனது. பட் முன்னால், லூ பின்னால். இரண்டிலும் பட்டன் (டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டை) உயரமாகவும் இடைவெளி விட்டும் இருக்கும். வீ நிறுவனத்தின் ஸ்னோஷூ வரிசையும் இதே குணம். தளர்ந்த பனிக்கும் ஆழமான மணலுக்கும் செய்யப்பட்டவை. நம் செம்மண்ணில் உயரமான பட்டன் நன்றாகவே கடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் முதலில் வண்டியில் அது நுழைய வேண்டுமே. இங்கே விற்கும் குறைந்த விலை ஃபேட் பைக்குகளில் பெரும்பாலானவற்றின் சட்டமும் ஃபோர்க்கும் 4 இன்ச் டயருக்கு அளவெடுத்தவை. 4.8-ஐத் திணித்தால் பின்னால் செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும்போது டயரின் பக்கவாட்டில் உரசும். உரசாமல் தப்பினாலும், டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல்கூட நுழையாத இடத்தில் செம்மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். இரண்டு பக்கமும் குறைந்தது ஆறேழு மில்லிமீட்டர் காலியாக இல்லாவிட்டால் நம் மண்ணில் அந்த டயர் பயன்படாது. ரிம்மும் ஒத்துவர வேண்டும். 65 மில்லிமீட்டர் அகல ரிம்மில் 4.8 போட்டால், டயர் குடை மாதிரி மேலே பிதுங்கி, காற்றை இறக்கியதும் பக்கவாட்டில் ஆடும்.

எடையையும் பார்க்க வேண்டும். குறைந்த விலை ஃபேட் பைக் ஏற்கெனவே 17, 18 கிலோ. அதில் பெரிய பங்கு சக்கரத்தில்தான் இருக்கிறது: விளிம்பில் கம்பி வைத்த 4 இன்ச் டயர் ஒன்று ஒன்றரைக் கிலோவுக்கு மேல், டியூப் அரைக் கிலோவை நெருங்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறிப் பார்த்தவர்களுக்கு இதன் வலி தெரியும். இதற்கு மேல் 4.8 வாங்கி எடை கூட்டுவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

ஆக, நமக்கு உள்ளபடியே இருக்கும் தேர்வு, வண்டியோடு வந்த 4 இன்ச் டயரையே ஓட்டுவதா, நல்ல 4 இன்ச் டயர் வாங்குவதா என்பதுதான். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் கடையில் கண்ணுக்குத் தெரியாது. கையில் எடுத்து அமுக்கினால் தெரியும். டயரின் பக்கவாட்டில் டிபிஐ என்று ஒரு எண் போட்டிருக்கும். ஒரு இன்ச்சுக்குள் எத்தனை நூல் ஓடுகிறது என்ற கணக்கு அது. விலை குறைந்த டயர்களில் 27, 30, நடுத்தரத்தில் 60, விலை கூடியவற்றில் 120. எண் குறைந்தால் நூல் தடிமன், டயர் விறைப்பு. காற்றை எட்டுக்கு இறக்கினாலும் விறைப்பான டயர் நெளிந்து கொடுக்காது. கல்லின்மேல் துள்ளும், ஈர வேரின்மேல் நழுவும். 120 டிபிஐ டயர் அதே காற்றில் தரையின் மேடு பள்ளத்தை அணைத்துக்கொண்டு போகும். கம்பிக்குப் பதில் இழை வைத்து மடக்கும்படி செய்திருப்பதால் எடையும் ஒரு டயருக்கு 300, 400 கிராம் குறையும். ஷ்வால்பேயின் ஜம்போ ஜிம் 4.0 இந்த வகை. அதன் மெல்லிய ரகம் ஏறக்குறைய ஒரு கிலோதான்.

மெல்லிய டயரில் ஒரு கஷ்டம் இருக்கிறது: பக்கவாட்டு கிழியும். சோலிங் கல்லின் கூர்மையான விளிம்பு, கவாத்து செய்து பாதையில் போட்ட தேயிலைக் குச்சி, ஊட்டியைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட மஞ்சள் பூ முட்புதர், எல்லாம் டயருக்கு எமன். அந்தப் புதரின் முள் உடைந்து பாதையில் கிடந்தால் டயருக்குள் நேராக இறங்கும். அதனால் மிக மெல்லிய ரகத்தை விட்டுவிட்டு, அதே டயரில் பக்கவாட்டுக்குக் காப்பு கொடுத்த ரகத்தை எடுங்கள். நூறு இருநூறு கிராம் கூடினாலும் பரவாயில்லை. டியூப் இல்லாமல் ஓட்டலாமே என்பார்கள். நல்ல ரிம் இருந்தால் செய்யலாம். குறைந்த விலை வண்டிகளில் வரும், நடுவில் ஓட்டை போட்ட ஒற்றைச் சுவர் ரிம்மில் காற்றை நிறுத்துவது பெரும்பாடு. அதைவிட, வால்வின் உள்பகுதி கழற்ற வருகிற டியூப் வாங்கி, அதற்குள் பஞ்சர் அடைக்கும் திரவத்தை விட்டுக்கொள்வது சுலபம். நம் குளிர் அந்தத் திரவத்தை ஒன்றும் செய்யாது.

பட்டன் விஷயத்தில் என் அபிப்பிராயம் இது. முன்னால் உயரமான, இடைவெளி விட்ட பட்டன்; பின்னால் தாழ்ந்த, நெருக்கமான பட்டன். முன்சக்கரம் வழுக்கினால் விழுந்துதான் எழுந்திருக்க வேண்டும். பின்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். ஏற்றத்தில் எடையின் பெரும்பகுதி பின்சக்கரத்தில் இருப்பதால், அது லேசாக உருள வேண்டும். நெருக்கமான பட்டன் செம்மண்ணில் அடைத்துக்கொள்ளும் என்பது உண்மை. தாருக்கு வந்து கொஞ்ச தூரம் ஓட்டினால் உதறிவிடும். பாசி படிந்த தாரில் பட்டன் உயரத்தால் பலன் இல்லை. ரப்பர் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதுதான் கணக்கு. நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்து மெல்ல மறைய வேண்டும். பிளாஸ்டிக் மாதிரி வழுக்கினால் அந்த டயரை முன்னால் போடாதீர்கள்.

டயரைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன்: காற்று. இதைப் பார்க்காமல் எந்த டயர் வாங்கியும் பயனில்லை. சாதாரண சைக்கிளில் 40-க்கும் 42-க்கும் வித்தியாசம் தெரியாது. ஃபேட் பைக்கில் 8-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு வேறு வண்டி ஓட்டுவதுபோல் இருக்கும். பெட்ரோல் பங்க் மீட்டர் இவ்வளவு தாழ்ந்த காற்றைச் சரியாகக் காட்டாது. காற்றடிக்கும் பம்பில் இருக்கும் முள்ளும் பத்துக்குக் கீழே நம்பத்தக்கதல்ல. 15 அல்லது 20 பிஎஸ்ஐ வரை மட்டுமே அளக்கும் தனி மீட்டர் ஒன்று வாங்குங்கள். டயருக்கு முன்னால் வாங்க வேண்டியது இதுதான்.

மலையும் குளிரும் சேர்ந்து காற்றோடு விளையாடும். ராத்திரி வீட்டுக்குள் 20 டிகிரியில் 8 பிஎஸ்ஐ வைத்துவிட்டு, விடியலில் பூஜ்ய டிகிரியில் வெளியே எடுத்துப் போனால், ஊட்டி உயரத்தில் அது ஏறக்குறைய 6.7-க்கு இறங்கிவிடும். பஞ்சரோ என்று பயப்பட வேண்டியதில்லை, குளிர்ந்த காற்று சுருங்கியதுதான். உயரம் ஏறினால் இதற்கு நேர்மாறு. மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரியில் 8 வைத்துக்கொண்டு ஏறினால், ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். அங்கே 10 டிகிரி குளிர் இருந்தாலும் ஒன்பதைத் தாண்டியே நிற்கும். அதனால் மேலே போய்ச் சேர்ந்து, வண்டி வெளிக்குளிருக்குப் பழகிய பிறகு அளந்து பார்ப்பதே சரி.

எவ்வளவு வைப்பது? 70 கிலோ ஆள், 4 இன்ச் டயர் என்று வைத்துக்கொள்வோம். தார் ஏற்றத்துக்கு 14, 15. அதற்குக் கீழே போனால் டயர் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு காலைக் கொல்லும். ஹேண்டில்பாரும் தானாக ஒரு பக்கம் இழுக்கும். சோலிங் கல் கிடக்கும் தோட்டப் பாதைக்கு 9 முதல் 11. இதற்குக் குறைத்தால் கல் நேராக ரிம்மில் இடிக்கும். ஈரப்புல், உறைபனிப் புல், குழைந்த செம்மண் என்றால் 6, 7. பனி ஊர்க்காரர்கள் ஐந்துக்கும் கீழே இறக்குவார்கள். அவர்களுக்கு அடியில் கல் கிடையாது, நமக்கு உண்டு. மீட்டர் கையில் இல்லாவிட்டால், வண்டிமேல் உட்கார்ந்து கொண்டு பின் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். லேசாக மடிப்புச் சுருக்கம் விழத் தொடங்கினால் போதும், அதற்கு மேல் இறக்க வேண்டாம். திரும்பத் தாருக்கு வந்ததும் காற்றடிக்க, அளவு பெரிய கைப்பம்ப் பையில் இருக்கட்டும். குட்டிப் பம்பில் இந்த டயரை நிரப்புவதற்குள் கை விட்டுப் போகும்.

ஃபேட் பைக்கே வேண்டாம், 29 இன்ச்சில் 2.4 டயர் போட்ட சாதாரண மலைச் சைக்கிள் போதும் என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேல்மண் மட்டும் குழைந்து அடியில் கெட்டியாக இருக்கும் இடத்தில், ஒடுங்கிய டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் அதன் மேல் மிதந்து வழுக்கும். ஏற்றத்தில் எடை குறைவு, இறக்கத்தில் துல்லியம் கூடுதல். இன்னும் வண்டியே வாங்காதவர், அதுவும் முக்கியமாகத் தாரில் ஓட்டி எப்போதாவது தோட்டப் பாதையில் இறங்குபவர் என்றால், நானும் அதையே சொல்வேன். ஏற்கெனவே ஃபேட் பைக் வைத்திருப்பவர் அதை விற்றுவிட்டு மாற வேண்டிய அவசியம் இல்லை. பெயர்ந்த சோலிங்கிலும், கொடைக்கானலின் மன்னவனூர், பூம்பாறை பக்கத்து மேடு பள்ளமான வண்டிப்பாதைகளிலும் அகல டயரின் சொகுசு தனி.

எதை வாங்கினாலும் புல்வெளியும் சோலையும் இருக்கும் வனப்பகுதிக்குள் அனுமதி இல்லாமல் சைக்கிளை இறக்கக் கூடாது. அவலாஞ்சியானாலும் பேரிஜமானாலும் வனத்துறை சொல்வதுதான் சட்டம். தோட்டப் பாதைக்குத் தோட்டக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் விடியலில் காட்டுமாடு தேயிலைக்குள் நிற்கும், கரடியும் உண்டு. முன்விளக்கு நன்றாக எரிய வேண்டும், வளைவில் மணி அடித்துக்கொண்டே வர வேண்டும்.

பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் இரண்டு டயரையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். முதலில் மீட்டரும் பம்பும். வண்டியோடு வந்த டயரையே சரியான காற்றில் டிசம்பர் முழுக்க ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. முன்சக்கரம் இன்னமும் வழுக்குகிறது என்றால் முன்னால் மட்டும் 120 டிபிஐ, உயரப் பட்டன், மெத்தென்ற ரப்பர் உள்ள 4.0 டயர் ஒன்று போடுங்கள். மாட்டும்போது பக்கவாட்டில் இருக்கும் அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் அவசரத்தில் மாற்றி மாட்டிவிடுவது உண்டு. முன்னால் கழற்றிய பழைய டயரைப் பரணில் போட்டு வையுங்கள். பின் டயர் எப்படியும் முதலில் தேயும், அப்போது அதற்குப் பதிலாக இதைப் போட்டு இன்னொரு வருடம் ஓட்டலாம்.